மேட்டும் மச்சானும்
(செலாயாங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆஸ்திரேலியரின் பேச்சைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "பத்துமலை பக்கத்துல இருக்கு, பாசார் போரோங் அதைவிடப் பக்கத்துல இருக்கு, இதையெல்லாம் விட்டுட்டு கங்காருவைத் தேடிப் போவானேன்?" என்று கேட்டார். பாசார் போரோங் சந்தைக்கும் வருகிறேன். சிட்னி வழியாக வருகிறேன், அவ்வளவுதான்.

1964. சிட்னியில் ஒரு புத்தகக் கடை. இங்கிலாந்திலிருந்து வந்த மோனிக்கா டிக்கன்ஸ் என்ற எழுத்தாளர் வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேத்தி. ஒரு பெண்மணி புத்தகத்தை நீட்டி, "எம்மா சிசிட்" என்றார். அம்மையார் அதைப் பெயர் என்று நினைத்து அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். வந்தவர் சொன்னதோ "ஹவ் மச் இஸ் இட்". என்ன விலை என்று கேட்டிருக்கிறார், பாவம்! சேதி பத்திரிகையில் வந்தது. அலஸ்டர் மாரிசன் என்பவர் இந்த மாதிரி உச்சரிப்புகளையெல்லாம் தேடிப் பிடித்து 1965-இல் 'லெட் ஸ்டாக் ஸ்ட்ரைன்' என்று ஒரு புத்தகமே போட்டார். 'ஸ்ட்ரைன்' என்றால் 'ஆஸ்திரேலியன்' என்ற சொல்லை வாயை முழுக்கத் திறக்காமல் சொல்வது. அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் அஃபர்பெக் லாடர். 'அல்ஃபபெட்டிகல் ஆர்டர்' என்பதை அதே ஸ்ட்ரைனில் சொல்லிப் பாருங்கள், வரும்.

ஊரே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் நெடுநாள் வெட்கம் இருந்தது. அந்நாட்டு அரசு வானொலியில் செய்தி வாசித்தவர்கள் பல காலம் லண்டன் உச்சரிப்பில்தான் வாசித்தார்கள். 1950-இல் மெல்பர்னிலிருந்து வந்த 'மீன்ஜின்' இதழில் ஏ. ஏ. பிலிப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலிய வாசகன் உள்ளூர் எழுத்தாளனின் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம், படித்த ஆங்கிலேயன் ஒருவன் இதைப் பற்றி என்ன நினைப்பானோ என்று கூசுகிறான் என்பது அவர் குற்றச்சாட்டு. அந்த நோய்க்கு அவர் வைத்த பெயரைப் பண்பாட்டுக் கூச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மலேசியத் தமிழரான நம் தோளுக்குப் பின்னாலும் அப்படி ஒருவர் நிற்கிறார். லண்டன்காரர் அல்ல, சென்னைக்காரர்.

வீட்டில், "ம்மா, காடிச் சாவி எங்க வெச்சீங்க? லேசன் காணோம் லா" என்று கத்திவிட்டுக் கிளம்புகிற பையன், கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்ததும் சென்னைத் தொலைக்காட்சித் தொகுப்பாளராகிவிடுகிறான். மூச்சுக்கு மூச்சு 'வேற லெவல்'. காடி வண்டியாகிறது, சடக்கு ரோடாகிறது, 'லா' காணாமல் போகிறது. இன்னொரு சாரார் எதிர்த்திசையில் ஓடி மகிழுந்தில் ஏறிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் தங்கள் பாட்டி பேசிய தமிழ் மேடைக்கு ஆகாது என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. நாம் தி. நகர் துணிக்கடைக்குப் போனால், ஐந்தாவது சொல் வாயிலிருந்து வருவதற்குள் "மலேசியாவா?" என்று கேட்டுவிடுகிறார்கள். விலையும் அதற்கப்புறம் இறங்குவதில்லை. வியாபாரம் கருதி மறைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஆஸ்திரேலியப் பேச்சு எங்கே பிறந்தது? 1788-இல் 11 கப்பல்கள் சிட்னித் துறைக்கு வந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் கைதிகள். அவர்களுக்குள் பேசிக்கொண்டது லண்டன் சந்துகளின் திருட்டு பாஷை. ஆரம்பகால நீதிமன்றங்களில் சாட்சியின் வாக்குமூலத்தைப் புரிந்துகொள்ள அடிக்கடி மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாக, கூட வந்த வாட்கின் டெஞ்ச் என்ற படை அதிகாரி 1793-இல் எழுதினார். கேளுங்கள்: ஆங்கிலேய நீதிபதி, ஆங்கிலேயக் குற்றவாளி, நடுவில் மொழிபெயர்ப்பாளர்! 1812-இல் ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி இந்தச் சொற்களை வரிசைப்படுத்திப் பொருள் எழுதினான். மூன்று முறை நாடு கடத்தப்பட்ட ஆசாமி. 1819-இல் அவனுடைய வாழ்க்கைக் கதையோடு சேர்ந்து அது லண்டனில் அச்சேறியது. அந்தக் கண்டத்தில் எழுதப்பட்ட முதல் ஆங்கில அகராதி ஒரு திருடன் தொகுத்தது. அதில் 'ஸ்வாக்' என்றொரு சொல் உண்டு. மூட்டை, அதிலும் திருட்டு மூட்டை. பின்னாளில் அதுவே வேலை தேடி நாடெங்கும் நடந்த கூலிக்காரனின் படுக்கைச் சுருட்டுக்குப் பெயராயிற்று. 1895-இல் பாஞ்சோ பாட்டர்சன் எழுதிய 'வால்ட்ஸிங் மட்டில்டா' பாட்டின் நாயகன் அந்தச் சுருட்டைச் சுமந்து போனவன்தான். இன்று விளையாட்டு அரங்குகளில் எழுந்து நின்று அதைப் பாடுகிறார்கள். அந்த மண்ணிலேயே எடுத்துக்கொண்ட சொல்லும் உண்டு. கங்காரு என்ற சொல் பூர்வகுடிகளின் கூகு யிமித்திர் மொழியிலிருந்து 1770-இல் ஆங்கிலேயக் கடலோடி குக்கின் ஆட்கள் எழுதிக்கொண்டது. மண்ணைப் பறித்துக்கொண்டார்கள், சொல்லை மட்டும் மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். அது தனிக்கதை, சோகக்கதை.

நம் முன்னோர் கைதிகளாக வரவில்லை. ஆனால் கங்காணி சேர்த்த ஆட்களாக, கடன் கணக்கோடு வந்தவர்கள் நிறைய. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது, 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அந்த இடைவெளியில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள், பெயர் தெரியாத ஒரு மரத்துக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். மலாய்க்காரர் அந்த ரப்பர் மரத்தின் பாலை 'கெத்தா' என்றார், நம்மவர் 'கித்தா' என்றார். பால் வடிகிற கிண்ணத்துக்கு மலாயில் 'மங்கோக்'. அது மங்கு ஆயிற்று. தோளில் வாளி மாட்டிச் சுமக்கும் கழிக்குக் 'கண்டார்' என்ற சொல்லிலிருந்து காண்டா. விடியுமுன் ஆள் எண்ணிக்கை எடுக்க நிற்க வைத்த இடம் பெரட்டுக்களம். ராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் போன இடம் ஆயாக் கொட்டாய். இவற்றில் ஒரு சொல்லைக்கூட பண்டிதர் குழு போட்டு ஆக்கவில்லை. அதிகாலை நாலரை மணிக்கு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்களுக்கு உடனே ஒரு சொல் தேவைப்பட்டது, ஆக்கிக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆட்டுரோமம் கத்தரிப்பவர்களின் இடைவேளைக்கு 'ஸ்மோக்கோ' என்று பெயர். புகைபிடிக்க நிறுத்துவது. எங்கள் தோட்டத்தில் அந்த நேரத்துக்குப் பசியாறுவது என்று பெயர். காலைச் சாப்பாட்டை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். சென்னைக்காரருக்கு அது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நாகப்பட்டினக் கடற்கரையோரத்து முஸ்லிம் வீடுகளில் இன்றும் 'பசியாறிட்டீங்களா?' என்றுதான் கேட்கிறார்கள். நாம் கொச்சை என்று நினைத்து ஒளித்து வைக்கிற சில சொற்கள் அங்கே கரையோரத்தில் மிச்சமிருக்கிற நல்ல தமிழ். ஆஸ்திரேலியருடைய 'நோ வொரீஸ்' போல நமக்கு ஒரு 'தாப்பா' இருக்கிறது. ஈப்போ போகிற வழியில் வரும் ஊரைச் சொல்லவில்லை, 'பரவாயில்லை' என்பதைச் சொல்கிறேன்.

இப்போது 'மேட்' என்ற சொல்லுக்கு வருவோம். ஆஸ்திரேலியர் யாரையும் மேட் என்பார்கள். தெரிந்தவரை, தெரியாதவரை, சண்டைக்கு வந்தவரைக்கூட. 2005 ஆகஸ்டில் கான்பெராவில் ஒரு கூத்து நடந்தது. நாடாளுமன்றக் காவலர்கள் உறுப்பினர்களையும் பார்வையாளர்களையும் மேட் என்று கூப்பிடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நாடே கொதித்தது. பிரதமர் ஜான் ஹோவர்ட் அதை அபத்தம் என்றார். ஒரே நாளில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வாயில்காப்போன் மந்திரியை நண்பா என்று அழைக்கிற உரிமைக்காக ஒரு தேசம் கோபப்பட்டது. எனக்கு அந்தக் கோபம் பிடித்திருக்கிறது.

நமக்குக் கிடைத்த சொல் துரை. பெரிய துரை, சின்ன துரை, நடுவில் கிராணி, தண்டல், கங்காணி. துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி நிற்கவேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்வதில்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்நின்று நடத்தினார். சம்பளம் கேட்டார்கள், நல்ல பள்ளிக்கூடம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கை: சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைத் தாண்டிப்போவது ஒரு கூலிக்காரனுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

இன்றைக்கு மாமாக் கடையில் போய் உட்காருங்கள். மலாய்க்காரர் பரிமாறுபவரை 'அனே' என்கிறார். நம் அண்ணேதான். சீனப் பையன் 'மச்சா' என்கிறான். பரிமாறுபவர் எல்லாரையும் 'பாஸ்' என்கிறார். அதாவது கடையில் இருக்கிற அத்தனை பேரும் முதலாளி. துரை இருந்த நாட்டில் எல்லாரும் துரையாகிவிட்டார்கள்! பிறத்தியார் நம்மிடம் எடுத்துக்கொண்டது 'டேய்'யும் 'போடா'வும் மட்டும் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் கடை என்ற நம் சொல்தான் மலாயில் 'கெடாய்'. கப்பல் 'காப்பால்', முதல் 'மோடால்', கட்டில் 'காத்தில்', மாப்பிள்ளை 'மெம்பெலாய்'. ரப்பர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வணிகத்தில் போன சொற்கள் இவை. அப்போது யாரும் யாரையும் பார்த்துக் கூசியதாகத் தெரியவில்லை.

சுத்தமாகப் பேசினால் மதிப்பார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதற்கு ஒரு பதில் கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கே போயிருக்கிறது. அதைச் சொல்லுமுன் அந்நாட்டின் வாசற்கதவைப் பார்க்கவேண்டும். 1901-இல் வந்த குடிநுழைவுச் சட்டத்தில் வெள்ளை, கறுப்பு என்ற பேச்சே கிடையாது. அதிகாரி 50 சொல் கொண்ட ஒரு பத்தியை வாசிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுதவேண்டும். எந்த மொழியில் என்பது அதிகாரி இஷ்டம். வேண்டாதவர் ஆங்கிலம் அறிந்தவரா, வேறொரு மொழியில் வைப்பார்கள். 1934-இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தார். பல மொழி அறிந்தவர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள்! அவரை உயர்நீதிமன்றம் பிற்பாடு காப்பாற்றியது. சோதனை 1958 வரை சட்டத்தில் இருந்தது.

அந்தச் சட்டம் உயிரோடு இருந்த 1953-இல், கோலாலம்பூரில் பிறந்த கந்தையா கமலேஸ்வரன் என்ற தமிழ்ப் பையன் படிக்க அடிலெய்டு போனார். பாட ஆரம்பித்தார். எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தோடே வருடங்கள் போயின. இளம் பத்திரிகை அதிபராக இருந்த ரூபர்ட் மர்டாக் கைகொடுத்தார். கமால் என்ற பெயரில் அவர் அந்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பாடகரானார். 1975-இல் அவர் பாடிய யானைப் பாட்டு நெதர்லாந்தில் முதலிடத்துக்குப் போனது. கிரிக்கெட் மேதை பிராட்மன் அவருக்கு நண்பர். 1994-இல் ஆஸ்திரேலிய அரசு விருது கொடுத்தது. நீண்ட அங்கி, ஆழமான குரல், பிசிறில்லாத ஆங்கிலம். ஸ்ட்ரைனின் சாயலே கிடையாது.

அந்த ஆங்கிலம் அவரைக் காப்பாற்றியதா? 'ஹே ஹே இட்ஸ் சாட்டர்டே' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் நிறத்தை வைத்து வருடக்கணக்கில் கேலி செய்தார்கள். 1984-இல் ஒருமுறை, அவர் பாடும்போது முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பி, இப்போது நீ வெள்ளைக்காரன் என்கிற மாதிரி ஒரு ஹாஸ்யம். அவரும் சிரித்து வைத்தார். அது எவ்வளவு அவமானமாக இருந்தது என்பதை 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். நிகழ்ச்சித் தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்டார். எண்பத்தாறு வயதில் வந்தது அந்த மன்னிப்பு. ஆகவே தம்பி, உன் 'லா'வைத் துடைத்துவிட்டால் எல்லாரும் நாற்காலி போடுவார்கள் என்று உனக்கு யாராவது சொன்னால் நம்பாதே.

நம்மவர் ஒருவர் துடைக்காமலே போனார். யோகி பி. தொண்ணூறுகளில் போயட்டிக் அம்மோ குழுவில் பல மொழிகளில் ராப் பாடியவர். 2006-இல் நட்சத்ரா குழுவோடு 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து மேலே இவர்கள் ராப் போட்டது தமிழ்நாட்டுப் பையன்களின் கைப்பேசிகளில் புகுந்தது. மறுவருடமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல். சென்னை கேலி செய்யும் என்று நாம் பயந்துகொண்டிருந்த நேரத்தில் சென்னை டிக்கெட் போட்டுக் கூப்பிட்டது. இன்றைய தமிழ் ஹிப்ஹாப்புக்கு முன்னோடி யார் என்று அங்கே கேட்டாலும் பலர் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

சினிமாவில் அந்த வேலையைச் செய்தது 2015-இல் வந்த 'ஜகாட்'. இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். தோட்டம் போனபின் நகரத்து ஓரத்தில் ஒதுங்கிய குடும்பம், அப்போய் என்ற சிறுவன், கும்பலில் சேர்ந்த சித்தப்பன். தலைப்பே 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம் நாக்கு புரட்டியது. கெட்டவன் என்று அர்த்தம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கி வைக்கப் பார்த்தார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்தார்கள், பிரிவுகளை மாற்றினார்கள். சிறந்த மலேசியப் படத்துக்கான விருது 'ஜகாட்'டுக்கே போனது. நம் ஆட்கள் சிலர் மட்டும், "என்ன லா, இப்படிக் கெட்ட தமிழைப் படமா எடுத்து வெச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே தியேட்டரைவிட்டு வந்தார்கள். 'என்ன லா' என்று!

கெட்ட தமிழ் என்றதும் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலைத் தாண்டிப் போக முடியாது. 2019-இல் வந்தது. தோட்டத்து மனிதர்கள் கோபத்தில் பேசுவதை அப்படியே எழுதியதற்கு நம் சமூகத்திலிருந்தே கண்டனம். 2020-இல் உள்துறை அமைச்சு தடை விதித்தது. நாவலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் அந்தச் சொற்கள் எந்தத் தோட்டத்து லயத்தில் பேசப்படவில்லை? பேசிய வாய்களைத் தடைசெய்ய முடியாது, அதனால் எழுதிய கை அகப்பட்டது. அதே மனிதர்களின் பேச்சை சீ. முத்துசாமி பல பத்தாண்டுகளாகக் கதைகளில் எழுதி வருகிறார். 2017-இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. கொடுத்தவர்கள் தமிழ்நாட்டு வாசகர்கள்.

வசைச் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவில் கிரேக்க, இத்தாலியக் குடியேறிகளை 'வாக்' என்று திட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 1987-இல் 'வாக்ஸ் அவுட் ஆஃப் வொர்க்' என்று நாடகம் போட்டார்கள், 2000-இல் 'தி வாக் பாய்' என்று படம் எடுத்தார்கள். வசையைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நமக்கு 'கெலிங்' இருக்கிறது. கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசலும், பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் வெறும் பெயர்தான். நாம் அதை மேடையில் நாடகத் தலைப்பாகப் போடும் காலம் வருமா? எனக்கு ஆசையில்லை. பால்வெட்டிய தலைமுறை உயிரோடு இருக்கும்வரை அந்தச் சொல்லுக்குள் எச்சில் இருக்கிறது. ஆனால் சொல் அகராதியில் இருக்கவேண்டும், அதன் முழு வரலாற்றோடு. மற்ற இனத்தாரை நாம் வீட்டுக்குள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதும் அடுத்த வரியிலேயே இருக்கவேண்டும். ஏன் சிரிக்கிறீர்கள்?

எந்த அகராதி? அதுதான் இல்லை. ஆஸ்திரேலியருக்கு 1981-இல் மெக்குவாரி அகராதி வந்தது. ஆர்தர் டெல்பிரிட்ஜ் முதன்மை ஆசிரியர். லண்டனின் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, தங்கள் ஆங்கிலத்தையே அளவுகோலாக வைத்தார்கள். 1988-இல் ராம்சன் தொகுத்த ஆஸ்திரேலிய தேசிய அகராதி இன்னொரு படி மேலே போனது: ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டு எந்தப் பத்திரிகையில், எந்தக் கடிதத்தில் அச்சாகியிருக்கிறது என்று ஆதாரத்தோடு. நமக்கும் ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. 1924 முதல் 2019 வரை 'தமிழ் நேசன்' வந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இலிருந்து இருக்கிறது. முதல் உலகத் தமிழ் மாநாடே 1966-இல் இங்கேதான் நடந்தது. மாநாட்டுக்கு வந்தவர்கள் சங்க இலக்கியம் பேசினார்கள், சந்தோஷம். மங்குக்கும் காண்டாவுக்கும் யாராவது ஒரு தாள் செலவழித்தால் ஆகாதா?

பாசார் போரோங்குக்கு வருகிறேன் என்றேனே. விடிவதற்கு முன் அங்கே நின்று கேளுங்கள். நம் காய்கறி வியாபாரி கத்துகிறார்: "தம்பி, காரட்டு ரெண்டு பக்குல் லோரியில ஏத்து. காசு நான் பாயார் பண்ணிட்டேன், ரிசிட்டுதான் பாக்கி." வாங்க வந்த அம்மா, "கொஞ்சம் குராங் பண்ணுங்கண்ணே" என்கிறார். தட்டுமுட்டுத் தமிழ் என்று தோன்றும். கவனித்துப் பார்த்தால், எந்த மலாய் வினை வந்தாலும் பின்னால் ஒரு 'பண்ணு' போட்டுத் தமிழ் இலக்கணத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். காலமும் இடமும் மரியாதையும் தமிழிலேயே வருகின்றன. மூட்டை சுமக்கும் தம்பி பர்மாக்காரர், ரோஹிங்யா. அவர் இந்தத் தமிழைத்தான் கற்றுக்கொண்டு பதில் சொல்கிறார். நாளைக்கு அவர் வாயிலிருந்து என்ன சொல் நமக்கு வரும் என்று எனக்கு இப்போதே ஆவலாக இருக்கிறது.

வாசல் பக்கத்து மேசையில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். தோட்டத்தில் வேலை செய்தவர்கள், ரயில்வே கோட்டர்சில் வளர்ந்தவர்கள், சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்த சொல்லை எழுதிப் போடுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், கேட்ட ஊரும் தோட்டமும் ஏறத்தாழ எந்த வருடம் என்பதும் போதும். கெட்ட வார்த்தையாக இருந்தால் தாளை மடித்துப் போடுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக்கொடுக்கப் பின்வரிசைத் தம்பிகள் இருக்கிறார்கள். பாட்டிமார் சொல்வதைத் திருத்தாமல் எழுதவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பத்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்று ஜாகா சொல்லியிருக்கிறார்.